நாற்பது பாட்டிலும் மேட்டு உமரியும்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கணும். ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அதுக்கப்புறம் நான் எழுதினதெல்லாம் செடியில் கட்டுகிற சீட்டில் நம்பரும் ஊர் பேரும் தேதியும்தான். மறதியும் வந்துவிட்டது. எந்த வருஷம் எது நடந்ததுன்னு ஒண்ணோட ஒண்ணு கலந்து போகிறது.

செடி படிக்கிற பிள்ளைங்களுக்கு, பழைய ஹெர்பேரியத்தில் வேலை செய்த நான் நாலு வார்த்தை சொல்லணும்னு காலேஜில் கூப்பிட்டாங்க. நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. எழுதியே கொடுத்துடறேன்னு சொன்னேன். ஹெர்பேரியம்னா செடியைப் பேப்பருக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, தடி அட்டையில் தைத்து, பேரும் ஊரும் எழுதி அலமாரியில் அடுக்கி வைக்கிற இடம். இருபத்தாறு வருஷம் அங்கே அட்டெண்டராக இருந்தேன். தினக்கூலியாகச் சேர்ந்தேன், பிறகுதான் நிரந்தரம் ஆச்சு.

1. வேலைக்கு வந்தது

எழுபத்தேழு, இல்லேன்னா எழுபத்தெட்டு. என் வீட்டுக்காரர் முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து போய் ஒண்ணரை வருஷம் ஆகியிருந்தது. உடம்பு கிடைக்கவில்லை. எங்க குப்பம் பசியாவரத்துக்கும் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருந்தது. எனக்கு மூணு வயசில் ஒரு பொண்ணு.

ஆம்பளை இல்லாத வீட்டுக்கு வலை போட முறை கிடையாது. பொம்பளைங்க இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்து, சேற்றில் கையால் எறா தடவுவோம், இறாலைத்தான் சொல்றேன். எனக்கு அதுவும் சரியாக வரலை. பயந்துகிட்டே தடவினால் எறா சிக்காது. என்னைக் காப்பாத்தினது எங்க பொம்பளைங்களோட முறைதான். சேர்ந்து போனவங்க கரைக்கு வந்ததும் எல்லார் பிடிச்சதையும் ஒரே குவியலாகக் கொட்டி, எத்தனை பேரோ அத்தனை கூறு போடுவாங்க. எந்தக் கூறு யாருக்குன்னு தெரிய, ஒவ்வொருத்தியும் ஒரு அடையாளம் வைப்போம். கிளிஞ்சல், வளையல் துண்டு, ஏதாவது. அடையாளம் வைத்த இடம் எதுவும் வெறுமையாக இருக்கக்கூடாது. கூடை நிறையப் பிடிச்சவளுக்கும் அதே கூறுதான், ஒண்ணுமே பிடிக்காதவளுக்கும் அதே கூறுதான்.

கூறு போடறது என் வீட்டுக்காரரோட அக்கா, ராஜாத்தி. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். ஒண்ணரை வருஷம் நானும் என் பொண்ணும் சாப்பிட்டது மத்தவங்க கையால் பிடிச்ச எறா. அண்ணி ஒரு நாள்கூட என் கூறைக் குறைத்ததில்லை. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதும் இல்லை.

மழை விட்ட மாசம் ஒரு நாள், பழவேற்காட்டிலிருந்து வந்த தோணியில் ஒரு அம்மா புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு இறங்கினாங்க. கையில் மரச்சட்டம் ரெண்டு, ஒரு கட்டு பழைய பேப்பர். மெட்ராஸ் காலேஜில் வாத்தியார் வேலை, டாக்டர் பட்டத்துக்காக ஏரித் தீவுகளில் இருக்கிற செடியெல்லாம் சேர்க்கறாங்கன்னு தோணிக்காரர் சொன்னார். பேர் பிரேமா. நாங்க டீச்சரம்மான்னுதான் கூப்பிட்டோம்.

"உமரிக்கீரை எங்கெங்க முளைக்குதுன்னு யாராவது காட்டறீங்களா?"ன்னு கேட்டாங்க.

ராஜாத்தி அண்ணி என்னைப் பிடித்து முன்னாடி தள்ளினாங்க. "இவள இட்டுக்கினு போம்மா. எறா ஓடிப்பூடுது இவகிட்டருந்து. கீரை ஓடாதுல்ல, அத்தயாவது புடிப்பா."

எல்லாரும் சிரித்தாங்க. நான் தலையைக் குனிஞ்சுகிட்டே தோணியில் ஏறினேன். அதுதான் என் முதல் நாள்.

2. ரெண்டு உமரி

உமரி உப்புத் தண்ணி ஓரத்தில் தரையோடு படர்கிற செடி. எறா கிடைக்காத மாசத்தில் பறித்து, ரெண்டு தண்ணி வேகவைத்துக் கொட்டினால் உப்பு போகும். பிறகு புளி போட்டுக் கடைந்து சாப்பிடுவோம். எங்க குப்பத்துக்கு வடக்கே ஒரு சின்னத் திட்டு உண்டு. ஆள் குடியிருப்பு கிடையாது. அதுக்கு நடுவில் பழைய கிளிஞ்சல் குவிந்து மேடாகி இருக்கும். அந்த மேட்டில் மட்டும் வேற மாதிரி ஒரு உமரி முளைக்கும்.

"இதுவும் உமரிதானே?"ன்னு டீச்சரம்மா கேட்டாங்க.

"இது மேட்டு உமரிம்மா. துண்ண மாட்டோம். தொண்டை கமறும்."

"வேற என்ன வித்தியாசம்?"

என்னை அதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்லை. தரையைப் பார்த்துகிட்டே சொன்னேன். கரை உமரிக்கு இலை உருண்டை, நசுக்கினால் தண்ணி பீச்சும். மேட்டு உமரிக்கு இலையோட அடிப்பக்கம் தட்டை, நசுக்கினால் கொழகொழன்னு நூல் வரும். கரை உமரி வெயிலில் செவந்துபோகும். இது பச்சையாகவே காயும். கரை உமரி விதை வழவழன்னு இருக்கும். இதோட விதைக்கு ஓரத்தில் வரப்பு கட்டின மாதிரி ஒரு விளிம்பு.

டீச்சரம்மா எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. "இதெல்லாம் யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலம்மா. கீரை பறிக்கற கைக்குத் தெரியும்."

சாயந்திரம் வரைக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தாங்க. கொண்டுவந்த புஸ்தகத்தில் தேடினாங்க. அதில் இல்லை. தோணியில் திரும்பும்போது, "அஞ்சலை, எங்கிட்ட வேலைக்கு வர்றியா?"ன்னு கேட்டாங்க. கரை ஏறினதும் அண்ணிதான் எனக்காகச் சரின்னு சொன்னாங்க. பொண்ணை அண்ணிகிட்ட விட்டுட்டு, வாரத்தில் அஞ்சு நாள் மெட்ராஸ், ரெண்டு நாள் ஏரின்னு என் பொழப்பு மாறிப்போச்சு.

3. கட்டைவிரல் வேலை

புதுசாக வர்ற பிள்ளைங்க இதைக் கவனமாகப் படிக்கணும். பார்வைக்கு வேறயாக இருந்தால் மட்டும் ஒரு செடியைத் தனி ஜாதின்னு சொல்லிட முடியாது. மண், தண்ணி, உப்பு மாறினால் இலையும் மாறும். அதனால் செடிக்கு உள்ளே பார்க்கணும். அந்தக் காலத்தில் அதுக்கு வழி, வேர் நுனியில் குரோமோசோம் எண்ணுறதுதான். மண் மாறினாலும் அந்த எண்ணிக்கை மாறாது.

காலையில் வெயில் ஏறுகிற நேரத்தில் வெள்ளை வேர் நுனியைக் கிள்ளணும். அப்பதான் அது வளர்ந்துகிட்டிருக்கும். மருந்துத் தண்ணியில் கொஞ்ச நேரம் போட்டுட்டு, பிறகு ஸ்பிரிட்டும் ஆசிடும் கலந்த பாட்டிலில் மாத்தணும். அந்த ஆசிட் காடி வாசனை அடிக்கும். நான் பையை மடியில் வைத்துகிட்டுப் பொன்னேரியில் ரயில் ஏறுவேன். அனுப்பம்பட்டில் ஏறுகிற மோர்க்காரம்மா ஒருத்தி பார்க்கிறப்பல்லாம், "இன்னாம்மே ஊறுகா, ஒரு துண்டு குடேன்"ன்னு கேட்பாள்.

காலேஜில் ஒரு நுனியை எடுத்து, சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடியில் வைத்து, மேலே மெல்லிசுக் கண்ணாடி மூடி, கட்டைவிரலால் அழுத்தணும். ஸ்குவாஷ்னு பேர். விரல் நகர்ந்தால் கெட்டுப்போகும். அழுத்தம் பத்தலைன்னா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணாகக் கிடக்கும். படிச்ச பிள்ளைங்க பத்து பண்ணினால் ரெண்டு தேறும். எனக்கு ஏழு, எட்டு தேறும். எறா பிடிக்கத்தான் என் கை லாயக்கில்லை.

மைக்ராஸ்கோப்பில் முதல் தடவை பார்த்தப்ப, எறா மீசையைப் பொடிசு பொடிசாக நறுக்கிப் போட்ட மாதிரி இருந்தது. டீச்சரம்மா எண்ணினாங்க. என்னையும் எண்ணச் சொன்னாங்க. கரை உமரியில் பதினெட்டு. மேட்டு உமரியில் முப்பத்தாறு. மறுபடி மறுபடி எண்ணினோம். டீச்சரம்மா என் கையைப் பிடிச்சுகிட்டு, "அஞ்சலை, இது தனி ஜாதி. இன்னும் யாரும் பேர் வைக்காத செடி"ன்னு சொன்னாங்க.

அந்த ஸ்லைடு நாலு நாள்தான் நிற்கும், பிறகு காய்ந்துபோகும். பார்த்து வரைஞ்ச படம் மட்டும் மிஞ்சிச்சு.

4. பெரிய சார் கேட்டது

டீச்சரம்மாவுக்கு மேலே இருந்தவரை நாங்க பெரிய சார்னு சொல்லுவோம். கெட்டவர் இல்லை. சந்தேகம் பிடிச்சவர்.

"ஒரு செடி, ஒரு படம். இதை வச்சு ஒரு ஸ்பீஷிஸ் கட்டுவியா பிரேமா? அந்த மேட்டுல மழைத் தண்ணி நிக்குது, உப்பு கம்மி. அதனால இலை மாறியிருக்கலாமே? ரெண்டையும் ஒரே மண்ணுல வளர்த்துப் பாத்தியா?"

அதுக்காக மொட்டைமாடியில் இருபது தொட்டி வைத்து, பாதியில் கரை உமரி, பாதியில் மேட்டு உமரி நட்டோம். மேட்டு உமரி அங்கேயும் இலை தட்டையாகத்தான் வந்தது. கோடை லீவில் வாட்ச்மேன் பாவம், வாடுதேன்னு தினமும் குடம் குடமாகத் தண்ணி ஊத்தியிருக்கார். நாங்க திரும்பி வந்தப்ப எல்லாம் அழுகிக் கிடந்தது, பெரிய சாருக்குக் காட்ட ஒண்ணும் மிஞ்சலை.

பெரிய சார் இன்னொரு வழி சொன்னார். மேட்டிலிருந்து இருபது செடி, கரையிலிருந்து இருபது செடி. ஒவ்வொரு செடிக்கும் ஒரு நம்பர். அதே நம்பரில் ஒரு அட்டை, ஒரு வேர் பாட்டில். அட்டையில் இருக்கிற உருவமும் பாட்டிலில் இருக்கிற எண்ணிக்கையும் நாற்பதிலும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போடறேன்னார்.

அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு அவசரமும் வந்து சேர்ந்தது. எங்க குப்பத்தில் மழைக்கு மழை தண்ணி வீட்டுக்குள் வரும். தரையை உயர்த்த மண் வேணும்னு ஊரே மனு கொடுத்திருந்தது. பார்க்க வந்த ஆபீசர், கிட்டத்தில் இருக்கிற கிளிஞ்சல் மேட்டை வெட்டிக்கலாம்னு எழுதிட்டார். டீச்சரம்மா ஓடிப்போய் நின்னாங்க.

"சார், உலகத்துல வேற எங்கயும் இந்தச் செடி இருக்கறதா தெரியல."

"நான் இன்னாம்மா பண்றது? தனிச் செடின்னு காலேஜ்ல எழுதி வாங்கியா. கெழக்க மணல் திட்டு கீது, அங்க எடுத்துக்கறோம். தோணிக்கு அரை மணி கூட ஆவும், அவ்ளோதான். எழுத்து இல்லாம என்னால நிறுத்த முடியாது."

சித்திரையில் வெட்டப்போறாங்க. மார்கழி, தையில்தான் வேர் நுனி கிடைக்கும். ஒரே ஒரு தடவை எடுக்கத்தான் நேரம் இருந்தது.

5. கூறு

அந்த மார்கழியில் டீச்சரம்மாவுக்கு மஞ்சள் காமாலை. எழுந்து உட்காரவே முடியலை. நாற்பது பாட்டிலையும் சீட்டையும் என்கிட்ட கொடுத்து, "நீ போதும். நான் வந்தாலும் நீ பண்றதைத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்"னாங்க.

தனியாக முடியாது. வெயில் ஏறுகிற அந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடியணும். ராஜாத்தி அண்ணியையும் இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிப்போனேன். தோணியில் வைத்தே சொன்னேன். "ஒவ்வொரு பாட்டிலும் ஒரு செடி. சீட்டுல இருக்கறது அந்தச் செடியோட பேரு. அந்தச் செடி வேர் அந்தப் பாட்டிலுக்குத்தான்." எங்க ஆளுங்க எதிரில்தான் எனக்கு அந்த மட்டும் பேச வரும்.

அந்த வருஷம் மழை குறைவு. கரையில் வேர் நிறைய இருந்தது. மேட்டில் காய்ந்துபோய், ஒரு செடிக்கு மூணு நுனி, சிலதில் ஒண்ணு, சிலதில் எதுவுமே இல்லை. நான் மேட்டு மேலே உட்கார்ந்து செடிகளைப் பேப்பரில் விரித்து, நம்பர் எழுதி, சட்டத்தில் வைத்துக் கட்டிக்கிட்டிருந்தேன். வேரைக் கழுவி நுனி கிள்ளிப் பாட்டிலில் போடற வேலையைத் தண்ணி ஓரத்தில் அண்ணிகிட்ட விட்டிருந்தேன்.

வேலை முடிஞ்சு இறங்கி வந்தேன். நாற்பது பாட்டிலும் வரிசையாக நின்னுது. ஒவ்வொண்ணிலும் ஏழு நுனி. ஒண்ணில்கூட குறைச்சல் இல்லை, கூடுதல் இல்லை. பக்கத்தில் ஈரமான அலுமினியத் தட்டு, காலியாக.

"இன்னா அண்ணி பண்ணீங்க?"

"இன்னாடி பண்ணேன்? எட்டு பாட்டில் வெறுமையா நின்னுச்சு. அந்தம்மா சாவக் கெடக்கற நேரத்துல வெறும் பாட்டில இட்டுக்கினு போய் மூஞ்சில காட்டுவியா? எல்லாத்தயும் தட்டுல கொட்டிக் கூறு போட்டுட்டேன். பேரு எழுதி வச்சிட்டு வெறுமையா வுடுவாங்களாடி?"

மத்த ரெண்டு பேரும் சிரித்தாங்க. ஒருத்தி, "பாரேன் அக்கா, ஆபீசர் மாதிரி மொறைக்கறா அஞ்சலை"ன்னாள்.

எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே தெரியும். எந்த வேர் எந்தச் செடியோடதுன்னு இனி யாராலும் சொல்ல முடியாது. மேட்டு வேரும் கரை வேரும் ஒரே தட்டில் கலந்துபோச்சு. இதைப் படிக்கிறவங்க, அப்பவே அதைக் கொட்டிட்டு மறுநாள் வேற எடுத்திருக்கலாமேன்னு கேட்பீங்க. எடுத்திருக்கலாம். இன்னும் இருபது நாளைக்கு வேர் இருந்தது.

ஆனால் எதிரில் நின்னது எனக்குக் கூறு போட்டு உயிரோட வைத்த கை. அந்தக் கையைப் பார்த்து, நீ போட்ட கூறு தப்புன்னு எப்படிச் சொல்லுவேன்? சொல்லலை. பாட்டிலை ஒவ்வொண்ணாக மூடினேன். தப்பு அண்ணியோடதுதான், மூடினது நான்.

6. வாசலில் நின்னது

தை மாசம் டீச்சரம்மா எழுந்து வந்தாங்க. கண்ணு இன்னும் மஞ்சள். எலும்பாக இருந்தாங்க. நான் அழுத்த அழுத்த, அவங்க எண்ணினாங்க. முதல் பாட்டிலில் முப்பத்தாறு, அதே பாட்டிலில் அடுத்த நுனி பதினெட்டு. டீச்சரம்மா மறுபடி எண்ணினாங்க. ரெண்டாவது பாட்டிலிலும் அப்படித்தான். நான் ஒவ்வொரு நாளும், இன்னிக்குச் சொல்லிடணும்னு ரயில் ஏறுவேன். காலேஜ் வாசல் வரைக்கும் வார்த்தை இருக்கும். உள்ளே போனால் போயிடும். பதினாறு நாள் அப்படி நடந்தது. நாற்பது பாட்டிலும் தீர்ந்தது.

பெரிய சார் டீச்சரம்மாவை ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் ஸ்லைடு ட்ரேயைப் பிடிச்சுகிட்டு வாசலில் நின்னேன்.

"ஒரே செடியில ரெண்டு எண்ணிக்கையா? பாட்டில் கலந்துபோச்சா பிரேமா?"

"இல்ல சார்."

"யார் எடுத்தது?"

"அஞ்சலை சார். அவ என்னை விடக் கவனமா பண்ணுவா. அவ பண்ணது தப்பாயிருக்க முடியாது."

பெரிய சார் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, கலக்கலியே?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாவா இல்லையான்னு தெரியாத மாதிரி ஆட்டினேன். அவர் இல்லைன்னு எடுத்துக்கிட்டார். எனக்குத் தெரிந்தேதான் அப்படி ஆட்டினேன்.

அலமாரியிலிருந்து ஒரு புஸ்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "இதே கீரைக் குடும்பத்துல, ஒரே வேர்ல சில இடத்துல எண்ணிக்கை ரெண்டு மடங்காகறது உண்டு. இங்கயே போட்டிருக்கான் பாரு. அதைத்தான் நீ பாத்திருக்க. கரைச் செடியிலயும் முப்பத்தாறு வருதே. ரெண்டும் ஒண்ணுதாம்மா. இலை வித்தியாசம் உப்பால வந்தது. நான் கையெழுத்துப் போட முடியாது. நீயே யோசிச்சுப் பாரு."

டீச்சரம்மா யோசித்தாங்க. அவங்க நேர்மையானவங்க. எண்ணிக்கை என்ன சொல்லுதோ அதுதான்னு என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. "சரி சார், நான்தான் அவசரப்பட்டுட்டேன்"னாங்க. இருபது மேட்டு அட்டையிலும் புதுச்செடின்னு பென்சிலால் எழுதியிருந்ததை அழிச்சாங்க. மையில் கரை உமரின்னு எழுதினாங்க. ரப்பர் தூளை ஊதி விட்டது நான்.

7. மேடு

சித்திரையில் வெட்டினாங்க. ஆம்பளைங்க கடப்பாரை போட, பொம்பளைங்க கூடையில் தோணிக்குச் சுமந்தாங்க. மண்ணோடு செடியும் வந்தது. ராஜாத்தி அண்ணி தலையில் கூடையோடு என்னைத் தாண்டிப் போகும்போது, "உன் கீர என் தல மேல சவாரி போவுதுடி"ன்னு சிரித்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுத் தரை உயரப்போகுதுன்னு சந்தோஷம்.

நான் ஏழு செடியைப் பிடுங்கித் தகர டப்பாவில் வைத்தேன். எங்க குப்பத்துத் தண்ணி அதுக்கு ஆகலை. ஆடிக்குள் ஏழும் போச்சு. வெட்டின மேட்டில் அடுத்த ரெண்டு மழைக்கும் போய்ப் பார்த்தேன். முளைக்கலை. மூணாவது வருஷம் அங்கே தண்ணி நின்னுது. வீடுகளுக்குக் கொட்டின கிளிஞ்சல் மண்ணும் ஒரு பெரிய புயலில் பாதிக்கு மேல் கரைஞ்சு ஏரிக்கே போச்சு. கிழக்குத் திட்டு மணல் இன்னும் அப்படியே கிடக்கு.

டீச்சரம்மா டாக்டர் பட்டத்தை முடிக்கலை. அந்த ஒரு செடியை நம்பித்தான் பாதி எழுதியிருந்தாங்க. காமாலைக்கு அப்புறம் உடம்பும் தேறலை. காலேஜை விட்டுட்டு ஆரம்பாக்கம் பக்கத்தில் பள்ளிக்கூட வேலைக்குப் போயிட்டாங்க. போகும்போது என்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிப் பெரிய சாருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துட்டுப் போனாங்க. அதில், இவள் வேலையில் பிழை இருக்காதுன்னு இருந்தது. அந்தக் கடிதத்தால்தான் எனக்கு இந்த வேலையும் இன்னிக்கு வர்ற பென்ஷனும்.

8. சீட்டு

எண்பத்தஞ்சு, எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி ஆரம்பாக்கம் போனேன். டீச்சரம்மா தலை பாதி நரைச்சிருந்தது. விடைத்தாள் திருத்திக்கிட்டிருந்தாங்க. "வா அஞ்சலை, பொண்ணு எப்படி இருக்கா?"ன்னு கேட்டாங்க. உட்காரச் சொன்னாங்க. நான் நின்னுகிட்டே எல்லாத்தையும் சொன்னேன். தட்டு, கூறு, பாட்டிலை மூடினது, பெரிய சார் கேட்டப்ப தலையை ஆட்டினது. சொல்லி முடிக்கிற வரைக்கும் சுவரைத்தான் பார்த்தேன்.

டீச்சரம்மா சிவப்புப் பேனாவை மூடினாங்க, திறந்தாங்க.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்ச?"

"தெரியலம்மா."

"திட்டியிருப்பேன். அவ்வளவுதான அஞ்சலை? ஒரு நாள் திட்டியிருப்பேன். மறுநாள் உன்னையே தோணியில ஏத்தி அனுப்பியிருப்பேன்."

அழுகை வந்தது எனக்குத்தான். அவங்க அழலை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. உள்ளே போய் ஒரு நோட்டுப் புஸ்தகம் கொண்டுவந்து, தாளைக் கத்திரியால் சின்னச் சின்னதாக வெட்டினாங்க. ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. அட்டையில் முன்னாடி ஒருத்தர் மையில் எழுதினதை அடிக்கக்கூடாது. வேற கருத்து இருந்தால் தனிச் சீட்டில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுப் பக்கத்தில் ஒட்டணும். நாற்பது சீட்டு எழுதினாங்க. 'இந்த எண்ணின் வேர் மற்றச் செடிகளின் வேரோடு கலந்துவிட்டது. குரோமோசோம் எண்ணிக்கை செல்லாது. இலை, விதை வேற்றுமை நிற்கிறது.' எல்லாவற்றிலும் அதே மூணு வரி. கை வலிச்சால் நிறுத்தி உதறிட்டு மறுபடி எழுதினாங்க.

"பெரிய சார் ரிட்டயர் ஆயிட்டாரே. இதை இனிமே யார் பாப்பாங்கம்மா?"

"தெரியாது. பாக்கறவங்க வரும்போது அங்க இருக்கணும். நீ ஒட்டு."

திங்கட்கிழமை காலையிலேயே ஒட்டிட்டேன். அதுக்கப்புறம் அவங்க எனக்கு எழுதலை. நானும் போகலை. இறந்துபோனாங்கன்னு கேள்விப்பட்டதும் பல மாசம் கழிச்சுத்தான்.

வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது இதுதான். வேலையில் தப்பு நடந்தால், பாட்டிலை மூடறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. வாய் வரலைன்னா ஒரு சீட்டில் எழுதி மேஜை மேல வைங்க. அன்னிக்கு என் பையில் நாற்பது சீட்டும் ஒரு பென்சிலும் இருந்தது. எனக்கு அது தோணலை. அப்புறம் இன்னொண்ணு. மேல இருக்கறவங்க உங்களை நம்பறாங்கன்னா, உங்க தப்பை அவங்களாகத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்.

இதை எடுத்து எழுதறவங்க ராஜாத்தி அண்ணி பேரில் தப்புன்னு எழுதிடாதீங்க. தப்பு அண்ணியோடதுன்னு மேலே நானே எழுதிட்டேன். அதை அடிக்கலை. இந்த வரியைப் பக்கத்தில் வைத்துக்குங்க. அவங்க தெரியாமல் கூறு போட்டாங்க. தெரிஞ்சு வாயை மூடிக்கிட்டது நான். அவங்க இப்ப இல்லை. கடைசி வரைக்கும் அவங்களுக்கு இது தெரியாது.

காய்ந்த செடியில் குரோமோசோம் எண்ண முடியாது. ஆனால் இப்பல்லாம் காய்ந்த இலையில் ஒரு துண்டு இருந்தாலே உள்ளே இருக்கறதைப் படிச்சுடலாம்னு காலேஜிலிருந்து என்னைக் கூப்பிட வந்த சின்ன வயசு டீச்சர் சொல்லிச்சு. மேட்டு அட்டை இருபதும் இடப்பக்க அலமாரியில் கீழ்த்தட்டில், கரை உமரிக் கட்டோடு சேர்ந்து இருந்தது. எனக்கு அப்புறம் இடம் மாத்தியிருக்கலாம். பதினெட்டு கரைக்கு, முப்பத்தாறு மேட்டுக்குன்னுதான் எனக்கு ஞாபகம், மாத்திச் சொல்றேனோ என்னமோ. வருஷமும் முன்னே பின்னே இருக்கும். யாராவது அந்த அட்டைகளை எடுத்து, நான் எழுதினது சரிதானான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்.